பையை விட்டுவிட்டு இறங்குங்கள்

கேள்வி: புறப்படும் முன், தரையில் நிற்கும் விமானத்தில் தீப்பிடித்தால் பயணி என்ன செய்ய வேண்டும்?

பதில்: 2025 ஜனவரி 28 இரவு தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் இதுதான் நடந்தது. புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேலே பைகள் வைக்கும் இடத்தில் தீ பற்றியது. அவசரகாலச் சறுக்குகள் வழியே 176 பேரும் உயிர் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. இந்த விபத்துக்குப் பின், பவர் பேங்கைத் தலைக்கு மேலே உள்ள அந்த இடத்தில் வைக்க அந்நாடு தடை விதித்தது.

தீயைவிடப் புகைதான் சீக்கிரம் கொல்லும். 1985-இல் மான்செஸ்டர் ஓடுபாதையில் தீப்பிடித்த விமானத்தில் இறந்த 55 பேரில் பெரும்பாலோர் நச்சுப்புகைக்கே பலியானார்கள்.

பாதிக் கதவுகள் வழியாகவே 90 நொடிகளில் அனைவரும் வெளியேற முடிய வேண்டும் என்பது பெரிய பயணி விமானங்களுக்கான விதி. அந்தக் கணக்கில் பெட்டி எடுக்க நேரமில்லை.

எனவே உட்கார்ந்ததுமே, அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தீயையோ புகையையோ கண்டால் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கதவைத் திறக்காதீர்கள். வெளியே தீ இருக்கலாம், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். உத்தரவு வந்ததும் குனிந்தபடி வெறுங்கையோடு வெளியேறுங்கள். நீங்கள் பைக்காக நின்றால், பின்னால் வருபவர்களின் வழியும் அடைபடும்.