ஏரியின் மண்ணும் பந்தயத் தடமும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டேடோனா பீச் என்னும் கடற்கரை நகரம் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அங்கு 500 மைல் ஸ்டாக் கார் பந்தயம் நடைபெறுகிறது. கடையில் விற்கும் கார்களின் தோற்றத்தில், பந்தயத்துக்கென்றே கட்டப்படும் கார்களே இன்றைய ஸ்டாக் கார்கள். பந்தயம் காண வருவோரில் பலர் விடுதிகளை நாடுவதில்லை. தடத்தின் நடுவிலுள்ள திடலிலேயே கூடாரம் அடித்தும், படுக்கையும் அடுப்பும் கொண்ட வீட்டு வண்டிகளை நிறுத்தியும் சில நாட்கள் தங்குகின்றனர்.

இத்திடலில் சுமார் 29 ஏக்கர் பரப்புள்ள ஏரி ஒன்று இருக்கிறது. லாயிட் ஏரி என்பது அதன் பெயர். இது இயற்கையான ஏரி அன்று. மண் தோண்டி எடுத்ததால் உண்டான பள்ளம். அந்த மண் எங்கே போயிற்று?

1958 வரை டேடோனாவில் கடற்கரை மணலிலும் அதையொட்டிய சாலையிலும் பந்தயம் நடந்தது. 1959இல் சுமார் 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள புதிய தடம் திறக்கப்பட்டது. அதன் முக்கிய வளைவுகள் 31 பாகை சாய்வுடையவை. தடத்தின் வெளி ஓரம் உயர்ந்தும் உள் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். வெளி ஓரத்தை உயர்த்தத்தான் ஏரியின் மண் பயன்பட்டது.

இவ்வளவு சாய்வு எதற்கு? ஓடும் பொருள் நேர்கோட்டிலேயே செல்ல முயல்கிறது. அதை வளைந்து செல்ல வைக்க, வட்டத்தின் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. இதுவே மையநோக்கு விசை. சமதளச் சாலையில் இவ்விசையை டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே தருகிறது. சாய்வான தளத்திலோ, தரை காரைத் தாங்கும் எதிர்விசை உட்புறமாகச் சாய்ந்துவிடுகிறது. அதன் ஒரு பகுதி மையநோக்கு விசையாகிக் காரைத் திருப்புகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உராய்வே இல்லாமல் வளைவில் செல்லத்தக்க வேகத்தின் இருமடி = ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம் × சாய்கோணத்தின் டேன்ஜென்ட். டேடோனா வளைவின் ஆரம் சுமார் 305 மீட்டர். 31 பாகையின் டேன்ஜென்ட் 0.6. எனவே 305 × 9.8 × 0.6 = 1793. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 42. அதாவது வினாடிக்கு 42 மீட்டர். மணிக்கு சுமார் 152 கிலோமீட்டர்.

ஆனால் பந்தயக் கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பாய்கின்றன. எஞ்சிய விசையை உராய்வுதான் தரவேண்டும். காற்றின் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், இவ்வேகத்துக்குச் சமதளத்தில் 2.3 அளவு உராய்வுக் குணகம் வேண்டும். 31 பாகைச் சாய்வில் 0.72 போதும். ஏரியின் மண் செய்த உதவி இதுவே!

எனினும் டயர் பிடிப்பை இழந்தால் சாய்வு மட்டும் காரைக் காக்காது. 2001 பிப்ரவரி 18 அன்று பந்தயத்தின் கடைசிச் சுற்றில், புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் கார் மற்றொரு காருடன் உரசி நிலை குலைந்தது. சரிவில் மேலேறிக் கான்கிரீட் சுவரில் மோதியது; பின் வேகம் குறைந்து, சரிவில் இறங்கித் திடலின் புல்தரையில் நின்றது. எர்ன்ஹார்ட் உயிரிழந்தார். அவ்வாண்டு அக்டோபரில், தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் சாதனம் ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாயிற்று. 2002 முதல் அமெரிக்கத் தடங்களின் சுவர்கள் முன்னே எஃகுக் குழாய்களும் நுரைப் பொருளும் கொண்ட தடுப்புகள் அமைக்கப்படலாயின. மோதும்போது அவை சற்று உள்வாங்குகின்றன. கார் நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது. ஆதலால் தாக்கும் விசை குறைகிறது.

மாணவர்களே, ஓர் உருண்டைக் கிண்ணத்தில் கோலிக்குண்டு ஒன்றைப் போட்டுக் கிண்ணத்தைச் சுழற்றுங்கள். வேகம் கூடக்கூடக் குண்டு மேலேறும், குறைந்தால் கீழிறங்கும். பிறகு விளிம்பில்லாத தட்டையான தட்டில் அதையே செய்து பாருங்கள். குண்டு வெளியே ஓடிவிடும். டேடோனாவின் பொறியாளர்கள் மண்ணைக் குவித்து உயர்த்தியதன் காரணம் உங்களுக்கு அப்போது நன்கு விளங்கும்.