கைமாற்றும் வட்டிக் கடனும்

மாதக் கடைசியில் விடுதியில் அதிகம் புழங்கும் சொல் ‘கைமாற்று’. தோழரிடம் பெறும் கைமாற்றுக்கு வட்டியில்லை. கைப்பேசிச் செயலியில் வாங்கும் கடன் அத்தகையதன்று.

மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் என்றால் அற்பமாகத் தோன்றும்; ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. ஊரில் ‘மூன்று வட்டி’ என்றாலே வீட்டார் பதறுவர்! அவ்வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கி, மாதம் 200 கட்டுவதாகக் கொள்வோம். முதல் மாதம் வட்டிக்கே 150 போகும். அசலில் குறைவது 50தான். ஓராண்டில் 2,400 கட்டிய பின்னும் ஏறத்தாழ 4,290 ரூபாய் நிற்கும். மாதம் 500 கட்டுபவருக்கோ, அதே ஓராண்டு முடிவில் பாக்கி 33 ரூபாய்தான்.

அந்த 300க்கு எங்கே போவது? செலவை அன்றன்றே எழுதினால் ஒழுகுமிடம் தெரியும். தேநீரை விடச் சொல்லமாட்டேன்; என்னாலேயே ஆகாதது அது.

நம்மைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் முன்பே தெரிந்த செலவுதான். பொங்கலுக்கு ஊர் போவோம் என்பது ஜூலையிலேயே தெரியாதா? 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது. ஆகவே நவம்பர் நடுவில் சீட்டுப் பணம் கையில் வேண்டும். ஆகஸ்டிலிருந்து மூன்று பங்காக எடுத்துவைத்தால் அக்கடனே வேண்டியதில்லை.

வாங்கியே தீரவேண்டுமாயின், ஆண்டு வட்டி விகிதம் அடங்கிய விவரத்தாளை முதலில் கேளுங்கள். அதைத் தரவேண்டுமென்பது ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதி. வாங்கியபின் மனம் மாறினால், அதில் குறித்த காலத்துக்குள் அசலையும் அந்நாள்களுக்குரிய வட்டியையும் செலுத்தி விலகலாம்.