காய்க்காத கொடித்தோடை

வேலியெல்லாம் படர்ந்து, பூத்துக் குலுங்கியும் ஒரு காயேனும் பிடிக்காத கொடித்தோடையை, மலட்டுக் கொடியென்று கருதி வெட்டிவிடுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் கொடியினுடையதன்று.

இலங்கையில் ஊதாநிறப் பழமுடைய இனம் மலைநாட்டிற்கும், மஞ்சள்நிறப் பழமுடையது தாழ்நாட்டிற்கும் ஏற்றவை. மஞ்சள் இனத்தின் பூ தன் கொடியின் மகரந்தத்தாற் கருத்தரிக்காது. அக்கொடியிலிருந்து வெட்டி நட்ட தண்டுகளும் அதே கொடியேயாதலால் பயன்தரா. ஒரே பழத்தின் விதைகளால் உண்டான கொடிகளும் சிலவேளை ஒன்றுக்கொன்று ஒவ்வா. ஆகவே, வெவ்வேறு தோட்டங்களிற் பெற்ற பழங்களின் விதைகளைக்கொண்டு இரண்டு மூன்று கொடிகளையாவது வளர்த்தல் வேண்டும்.

மகரந்தத்தைக் கொண்டுசெல்வது மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு. தேனீ உருவிற் சிறியதாகையால் இவ்வேலைக்கு அத்துணை உதவாது. இவ்வினப் பூக்கள் நண்பகலளவில் விரிவன. அயலிலுள்ள கத்தரிக்கோ பயற்றைக்கோ பிற்பகலிற் பூச்சிநாசினி தெளிப்பவர், தம் கொடித்தோடையின் விளைவையே அழித்தவராவர். பந்தரருகே உலர்ந்த மரக்கட்டையொன்றை விட்டுவைத்தால் வண்டு அதிற் குடியேறக்கூடும். வண்டில்லாத இடத்தில், பிற்பகலில் ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தை விரலால் எடுத்து, மற்றக் கொடியின் பூவிலுள்ள மூன்று சூல்முடிகளிலும் தடவுக. மழைநீர் பட்ட மகரந்தம் வெடித்துப் பயனற்றுப்போகும்.

விதையைக் கழுவி நிழலில் உலர்த்தித் தாமதமின்றி விதைத்தல் நன்று; நாட்பட்ட விதை முளைப்பது அரிது. நாற்று ஓரடி உயர்ந்ததும், 2 அடி ஆழக் குழிகளில் மேல்மண்ணுடன் மக்கிய மாட்டெருவைக் கலந்து, 10 அடி இடைவெளியில் நடலாம். நீர் தேங்கும் வயலோரம் ஆகாது. அங்கே அடித்தண்டு அழுகும். ஒரே தண்டை 6 அடி உயரப் பந்தருக்கு ஏற்றி, அங்கே நுனியைக் கிள்ளினாற் பக்கக்கிளைகள் தோன்றும். வேர்கள் மேலோட்டமானவையாதலால் அடியை ஆழக் கொத்தாது, வைக்கோலால் மூடுக. நைதரசன் பசளை மிகுந்தால் இலையே செழிக்கும்.

புதிய தளிர்களிலேயே பூ உண்டாகும். ஆதலால் அறுவடை ஓய்ந்தபின் பக்கக்கிளைகளைக் குறைத்து வெட்டலாம். முற்றிய அடித்தண்டுவரை வெட்டினால் மஞ்சள் இனம் பட்டுப்போகவுங்கூடும்.

பூத்து ஏறக்குறைய 70 நாட்களிற் பழம் முதிர்ந்து, தானாகவே விழும். காலைதோறும் பொறுக்குதல் வேண்டும். தோல் சற்றுச் சுருங்கிய பழமே இனிப்பு மிகுந்தது; சந்தையில் அதனை ஒதுக்குவோர் அறியாதவரே.