எஃப்.ஓ.பி. சரக்கு கப்பலேறும் முன் நனைந்தால் நஷ்டம் யாருக்கு?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து பையர் ஒருவருக்கு 620 பெட்டி டி-ஷர்ட் அனுப்ப வேண்டியிருந்தது. பர்சேஸ் ஆர்டரில் 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020' என்றும், நவம்பர் 20-க்குள் ஷிப்மென்ட் என்றும் இருக்கிறது. கப்பல், ஃபார்வர்டர் இரண்டும் பையரின் ஏற்பாடு. நவம்பர் 18-ஆம் தேதி கப்பல் என்று ஃபார்வர்டர் மின்னஞ்சல் அனுப்பினார். அவர் சொன்ன சி.எஃப்.எஸ்.ஸில் (கண்டெய்னர் சரக்கு நிலையம்) 14-ஆம் தேதியே சரக்கை ஒப்படைத்து ரசீது வாங்கினேன். 16-ஆம் தேதி கஸ்டம்ஸ் கிளியரன்ஸும் முடிந்தது. ஆனால் கப்பல் 25-ஆம் தேதிதான் வந்தது. 22-ஆம் தேதி இரவு பெய்த மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து 140 பெட்டிகள் நனைந்துவிட்டன. மீதி 480 பெட்டிகள்தான் கப்பலேறின. "கப்பலில் ஏறாத சரக்குக்குப் பணம் தர மாட்டேன்" என்கிறார் பையர். "இயற்கைச் சீற்றம், நாங்கள் பொறுப்பல்ல" என்கிறது சி.எஃப்.எஸ். இன்ஷூரன்ஸ் பையர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. அவர் ஆளிடம் ஒப்படைத்த சரக்குக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? இனி வரும் ஆர்டர்களில் என்ன எழுத வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: பொது விதியைப் பார்த்தால் பையர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் தேதிகளைப் பார்த்தால் அந்த விதிக்கு உள்ள விலக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. முதலில் விதியைப் புரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் விலக்கின் பலம் தெரியும்.

இன்கோடெர்ம்ஸ் என்பது எந்த நாட்டு நாடாளுமன்றமும் இயற்றிய சட்டம் அல்ல. பாரிஸில் இயங்கும் சர்வதேச வர்த்தக சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட வணிக விதிகள். இப்போது நடைமுறையில் இருப்பது 2020 பதிப்பு. இதில் 11 விதிகள் உள்ளன. ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அவை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு விதியும் முக்கியமாக மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. எந்த இடம் வரை செலவு விற்பவருடையது? எந்தக் கணத்தில் சரக்கின் இடர் வாங்குபவருக்கு மாறுகிறது? லைசென்ஸ், கஸ்டம்ஸ், இன்ஷூரன்ஸ் வேலைகளை யார் பார்க்க வேண்டும்? சரக்கின் உரிமை எப்போது மாறும், பணம் எப்போது தர வேண்டும், ஒப்பந்தத்தை மீறினால் என்ன பரிகாரம் என்பவற்றை இந்த விதிகள் தொடுவதில்லை. அவற்றுக்கு ஒப்பந்தத்தின் மற்ற ஷரத்துகளையும், அதை ஆளும் நாட்டின் சட்டத்தையும்தான் பார்க்க வேண்டும்.

எஃப்.ஓ.பி. விதிப்படி, வாங்குபவர் நியமித்த கப்பலின் மேல் சரக்கு ஏற்றப்படும் கணத்தில்தான் இடர் கைமாறும். அதுவரை சரக்கு யார் ஷெட்டில் இருந்தாலும் இடர் விற்பவருடையது. ஃபார்வர்டர் பையரின் ஆளாகவே இருந்தாலும், அவர் கொடுத்த ரசீது மட்டும் இடரை மாற்றாது.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு 1954-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பைரீன் எதிர் சிந்தியா நேவிகேஷன் வழக்கு நல்ல உதாரணம். இந்திய அரசு லண்டனில் தீயணைப்பு வண்டிகளை எஃப்.ஓ.பி. முறையில் வாங்கியது. கப்பலை ஏற்பாடு செய்ததும் இந்தியத் தரப்புதான். வண்டிகளில் ஒன்றை 'ஜலஜாத்' என்ற கப்பலில் ஏற்றுவதற்காகத் தூக்கியபோது, கப்பலின் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்கு முன்பே அது கீழே விழுந்து சேதமானது. நஷ்டம் விற்ற நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அந்த நிறுவனம் கப்பல் கம்பெனி மீது வழக்குப் போட்டது. பழுது பார்க்க ஆன செலவு 966 பவுண்டு. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் உச்சவரம்பைக் காட்டி, நீதிபதி டெவ்லின் 200 பவுண்டு மட்டுமே கிடைக்கும் என்று தீர்ப்பளித்தார். கப்பலின் கைப்பிடிச் சுவரை எல்லையாக வைக்கும் வழக்கத்தை இன்கோடெர்ம்ஸ் 2010 பதிப்பு கைவிட்டது. அதன்பின் 'கப்பலின் மேல்' என்பதே எல்லை. ஏற்றுமதியாளரைப் பொறுத்தவரை இது முன்பைவிடச் சற்றுக் கடினமான எல்லை.

இனி விலக்குக்கு வருவோம். எஃப்.ஓ.பி. விதியில் வாங்குபவரின் கடமைகளைச் சொல்லும் பகுதியின் மூன்றாவது பத்தியைப் படியுங்கள். பையர் நியமித்த கப்பல் உரிய நேரத்தில் வராவிட்டாலும், சரக்கை ஏற்றிக்கொள்ளாவிட்டாலும், கப்பலைப் பற்றி உரிய தகவல் தராவிட்டாலும், ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து இடர் முழுவதும் பையருடையது. அப்படி ஒரு தேதி இல்லையென்றால் பையர் தேர்ந்தெடுத்து அறிவித்த தேதியிலிருந்து. அதுவும் இல்லையென்றால் ஒப்புக்கொண்ட காலக்கெடு முடிந்ததிலிருந்து. ஒரே ஒரு நிபந்தனைதான்: இந்த ஒப்பந்தத்துக்குரிய சரக்கு இதுதான் என்று தெளிவாக அடையாளம் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் தேதிகளை இதில் பொருத்திப் பாருங்கள். பையரின் ஃபார்வர்டர் அறிவித்த தேதி நவம்பர் 18. ஷிப்மென்ட் கெடு நவம்பர் 20. மழை பெய்தது 22-ஆம் தேதி இரவு. எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் சரக்கு நனைந்த நேரத்தில் இடர் பையருடையதாகிவிட்டது. பெட்டிகளின் மேல் ஷிப்பிங் மார்க்கும் ஆர்டர் எண்ணும் அச்சிட்டு, பேக்கிங் லிஸ்ட்டோடு ஒப்படைத்திருந்தால் அடையாள நிபந்தனையும் நிறைவேறிவிடும். இந்தியச் சட்டம் பொருந்துமானால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை நிற்கும். ஒரு தரப்பின் தவறால் டெலிவரி தாமதமானால், அந்தத் தவறு இல்லாவிட்டால் நேர்ந்திராத நஷ்டத்தை அந்தத் தரப்பே ஏற்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

பையர் இரண்டு எதிர்வாதங்களை வைக்கலாம். "கப்பல் 25-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது" என்று ஃபார்வர்டர் எழுதியதற்கு நீங்கள் வெறுமனே 'ஓகே' என்று பதில் போட்டிருந்தால், புதிய தேதிக்கு நீங்கள் சம்மதித்துவிட்டதாக அவர் வாதிடுவார். அந்த மின்னஞ்சல்களை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள். இரண்டாவது, பையரின் வெண்டர் மேனுவல். 'கப்பலேறும் வரை எந்தச் சூழ்நிலையிலும் விற்பவரே பொறுப்பு' என்ற வரி அதில் இருந்து, பர்சேஸ் ஆர்டர் அந்த மேனுவலை ஒப்பந்தத்தின் பகுதியாக்கியிருந்தால், இன்கோடெர்ம்ஸ் விலக்கைவிட அந்த வரியே முன்னிற்கும். இந்த இரண்டும் இல்லையென்றால் உங்கள் நிலை வலுவானது.

இனி செய்ய வேண்டியவை.

முதலாவதாக, 140 பெட்டிகளின் விலையைக் கேட்டு பையருக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். 14, 16, 18, 20, 22, 25 ஆகிய தேதிகளில் நடந்ததை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தை இணையுங்கள். ஃபார்வர்டர் தந்த ரசீதால் இடர் மாறாது என்றேன். ஆனால் நீங்கள் கெடுவுக்கு முன்பே தயாராக இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. இடர் 18-ஆம் தேதியே பையருக்குப் போய்விட்டது என்றால், நனைந்த நேரத்தில் சரக்கின் மேல் காப்பீட்டுக்குரிய நலன் அவருக்கு உண்டு. 1963-ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பார்ப்பதும் இழப்பு நேர்ந்த நேரத்து நலனைத்தான். அவர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதில் கோரிக்கை வைக்கும்படி அதே நோட்டீஸில் கேளுங்கள்.

இரண்டாவதாக, நனைந்த பெட்டிகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். சர்வேயரை வைத்துச் சேதத்தைப் பதிவு செய்யுங்கள். கப்பலேறாத பெட்டிகளை வெளியே எடுக்க கஸ்டம்ஸிடம் 'பேக் டு டவுன்' அனுமதி வாங்குங்கள். ஷிப்பிங் பில்லில் ஷார்ட் ஷிப்மென்ட்டைப் பதிவு செய்யுங்கள். ஏற்றுமதியாகாத பெட்டிகளுக்கு டிராபேக் கோர முடியாது. மீண்டும் சலவை செய்து பேக் செய்யக்கூடியதைப் பிரித்தெடுத்து, பையருக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எந்த நீதிமன்றமும் கேட்கும்.

மூன்றாவதாக, சி.எஃப்.எஸ்.ஸையும் ஃபார்வர்டரையும் விட்டுவிடாதீர்கள். பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. நவம்பர் என்பது தூத்துக்குடியில் வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதத்தில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுவதை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிட முடியாது. பெட்டிகளைப் பலகைமேல் அடுக்கியிருந்தார்களா, வடிகால் அடைத்திருந்ததா என்ற கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவதாக, எங்கே வழக்காடுவது என்பதைப் பாருங்கள். ஒப்பந்தம் ஜெர்மன் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்து வேறு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், 1980-ஆம் ஆண்டு வியன்னா விற்பனை உடன்படிக்கை பொருந்தும். இந்தியா அதில் சேரவில்லை. ஜெர்மனி சேர்ந்திருக்கிறது. இடர் மாறிய பிறகு சரக்கு கெட்டாலும் வாங்குபவர் விலையைத் தந்தே ஆக வேண்டும் என்று அதன் 66-ஆவது விதி சொல்கிறது. எனவே ஜெர்மன் சட்டம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தால் அந்த வழியிலேயே போங்கள். இங்கே வாங்கும் நீதிமன்றத் தீர்ப்பை ஜெர்மனியில் நிறைவேற்றுவது சிரமம். ஆனால் இரு நாடுகளும் 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதால் ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற வழி உண்டு.

அடுத்த ஆர்டரைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. எழுதாதீர்கள். விதிகளை வெளியிட்ட சபையே தன் விளக்கக் குறிப்பில் இதைச் சொல்கிறது. கப்பலேறுவதற்கு முன்பே டெர்மினலிலோ கிடங்கிலோ கேரியரிடம் ஒப்படைக்கப்படும் சரக்குக்கு எஃப்.சி.ஏ.தான் பொருத்தம். 'எஃப்.சி.ஏ.' என்று எழுதி, தூத்துக்குடியில் நீங்கள் சரக்கை ஒப்படைக்கும் சி.எஃப்.எஸ்.ஸின் பெயரையும் முகவரியையும் சேர்த்து, 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முடியுங்கள். உங்கள் லாரி அந்த இடத்தை அடைந்து, இறக்கத் தயாரான நிலையில் பையரின் ஆளிடம் சரக்கை ஒப்படைத்தவுடன் இடர் அவருடையது. இந்த முறை அப்படி எழுதியிருந்தால் 14-ஆம் தேதியே உங்கள் பொறுப்பு முடிந்திருக்கும்.

இதைச் சொன்னால் ஏற்றுமதியாளர்கள் வழக்கமாக இரண்டு தயக்கங்களைச் சொல்வார்கள். ஒன்று, டிராபேக்கும் ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். சலுகையும் எஃப்.ஓ.பி. மதிப்பில்தானே கணக்கிடப்படுகின்றன என்பது. அது ஷிப்பிங் பில்லில் காட்ட வேண்டிய மதிப்பு. பையரோடு நீங்கள் போடும் ஒப்பந்தமும் எஃப்.ஓ.பி.யாகத்தான் இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. மற்றொன்று எல்.சி. (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்). 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்ற குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங்கை வங்கி கேட்கும். இதற்கு 2020 பதிப்பிலேயே வழி செய்திருக்கிறார்கள். அந்தக் குறிப்போடு உங்களுக்கு பில் ஆஃப் லேடிங் தரும்படி பையர் கேரியருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று எஃப்.சி.ஏ. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மற்ற விதிகளில் உள்ள பள்ளங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். இரண்டிலும் ஹாம்பர்க் வரை ஃப்ரெய்ட் உங்களுடையது. ஆனால் இடர் தூத்துக்குடியில் கப்பலேறும்போதே மாறிவிடும். செலவும் இடரும் வெவ்வேறு இடத்தில் பிரிவதைக் கவனிக்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஷூரன்ஸ் எடுப்பதை விற்பவரின் கடமையாக்குவது சி.ஐ.எஃப்., சி.ஐ.பி. என்ற இரண்டு விதிகள் மட்டும்தான். சி.ஐ.எஃப்.பில் குறைந்தபட்சப் பாதுகாப்பு தரும் 'சி' வகை பாலிசியே போதும். சி.ஐ.பி.க்கு விரிவான 'ஏ' வகை வேண்டும். எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ. இரண்டிலும் யார் மீதும் அந்தக் கடமை இல்லை. எனவே ஃபேக்டரி வாசலிலிருந்து இடர் மாறும் இடம் வரைக்கும் உங்கள் பெயரில் ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். டி.டி.பி. கேட்டு வரும் பையரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் நாட்டு இறக்குமதி வரியும் கஸ்டம்ஸ் வேலையும் உங்கள் தலையில் வந்துவிடும்.

பையர் அனுப்பும் பர்சேஸ் ஆர்டரில் விலைக்கும் டெலிவரி தேதிக்கும் பேரம் பேசும் நம் ஏற்றுமதியாளர்கள், அந்த மூன்றெழுத்து விதிக்கும் பேரம் பேச வேண்டும். சரக்கு எந்த இடத்தில் உங்கள் கையை விட்டுப் போகிறதோ, அந்த இடத்திலேயே இடரும் மாறும்படி எழுதுங்கள். நனைந்த சரக்குக்கான நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பர்சேஸ் ஆர்டர், வெண்டர் மேனுவல், ஃபார்வர்டரின் மின்னஞ்சல்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடல்வணிக வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். 140 பெட்டிகளின் விலையை எழுத்துமூலம் கேட்காமல் விட்டுக்கொடுக்காதீர்கள்.