2000 மடங்கு என்னும் ஏமாற்று

"சார், 20எக்ஸ் ஐபீஸ் போட்டா 2000 மடங்கு வருமே, பாக்டீரியாவுக்குள்ள ரைபோசோமே தெரியுமாமே?" உயிரியல் ஆய்வகத்தில் ஆண்டு தவறாமல் வரும் கேள்வி இது. தெரியாது. 20,000 மடங்கு பெருக்கினாலும் தெரியாது. மைக்ராஸ்கோப் விற்பவர் அப்படிச் சொன்னால் பிழைப்பு என்று விட்டுவிடலாம். வகுப்பில் நின்று சொல்பவரை என்ன செய்வது?

உருப்பெருக்கம் பிம்பத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். நெருங்கிக் கிடக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டுவது பிரிதிறன். அதற்கொரு வரம்பு உண்டென்று 1873இலேயே எர்ன்ஸ்ட் அபே சொல்லிவிட்டார். ஒளியின் அலைநீளத்தை, லென்ஸ் ஒளியைச் சேகரிக்கும் திறனைக் குறிக்கும் என்.ஏ.யின் (நியூமரிக்கல் அபெர்ச்சர்) இருமடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர். வழக்கமான 100எக்ஸ் ஆயில் லென்ஸுக்கு என்.ஏ. 1.25. வகுத்தால் 220 நானோமீட்டர். ரைபோசோமோ ஏறக்குறைய 25தான். ஆப்ஜெக்டிவ் பிடிக்காத நுணுக்கத்தை ஐபீஸ் எங்கிருந்து கொண்டுவரும்? நாளிதழ்ப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகமா தெளிகிறது? மைப்புள்ளிதான் பெரிதாகிறது.

என்.ஏ.யை ஆயிரத்தால் பெருக்குங்கள். ஏறத்தாழ அதுவே பயனுள்ள பெருக்கத்தின் உச்சம். 1.25க்கு 1250. அதற்கு மேலே போவது வெற்றுப் பெருக்கம். பாக்டீரியாவை முதலில் கண்ட லேவன்ஹூக்கின் ஒற்றை லென்ஸ் கருவிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது சுமார் 270 மடங்குதான் பெருக்கும்!

லென்ஸின் உடம்பிலேயே எல்லாம் பொறித்திருக்கிறது: 40/0.65, அதன் கீழே 160/0.17. மாணவர் 40ஐ மட்டும் படிக்கிறார். 0.65தான் என்.ஏ. அந்த 0.17, கவர் ஸ்லிப் இருக்க வேண்டிய தடிமன், மில்லிமீட்டரில். தடித்த கண்ணாடியைப் போட்டுவிட்டுக் கருவியைத் திட்டுவதில் நியாயமில்லை.

மற்றவை சில்லறைப் புரளிகள். சாயம் ஏற்றினால் பிரிதிறன் கூடாது, நிற வேறுபாடுதான் கூடும். ஆயில் விடுவது லென்ஸைக் காப்பாற்ற அல்ல. இடையில் காற்று இருந்தால் என்.ஏ. ஒன்றைத் தாண்டாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களின் வண்ணமெல்லாம் பின்னால் பூசியது. கண்டென்சரின் டயாஃப்ரத்தை ஒரேயடியாக மூடினால் விளிம்புகள் கறுத்துத் தெளிவாவதுபோலத் தோன்றும்; உண்மையில் பிரிதிறன் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை: ரெக்கார்டு நோட்டு. 0.25 மி.மீ. நீள வெங்காயச் செல்லை 5 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால் படத்தின் பெருக்கம் 200. கீழே கூசாமல் '400எக்ஸ்' என்று எழுதுகிறார்கள். மேலே சிவப்பு மையில் 'டிக்' விழுகிறது. படத்தின் ஓரத்தில் '100 மைக்ரான்' என்று ஓர் அளவுகோடு போட்டால் போதும், நோட்டைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினாலும் கோடும் கூடவே வளரும். அதற்கு வேண்டிய ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் பல கல்லூரிகளில் பீரோவுக்குள் உறை பிரிக்காமலே கிடக்கிறது. 20எக்ஸ் ஐபீஸுக்குப் பணம் கேட்கும் முன் அந்தச் சாவியைக் கேளுங்கள்.