எடை குறைக்கணுமா? உங்க அடுப்படிக்கு ஒத்துவரும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்க!

‘ஒரே மாதத்தில் 10 கிலோ குறையலாம்!’ செல்போனைத் திறந்தாலே இப்படி ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. ஒருவர் சோறே தொடாதீங்க என்கிறார். இன்னொருவர் இந்தப் பவுடரைக் கலக்கிக் குடிங்க என்கிறார். மூன்றாமவர் ஒரு வருடத்துக்கு ஜிம் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்கிறார். இதில் எதைத்தான் நம்புவது? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படிச்சுடுங்க.

முதல் வேலை: அளந்து பாருங்க

எடை கூடியிருக்கிறதா என்பதைக் கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணைக் கணக்கிடுங்கள். கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். உதாரணமாக, 160 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு இந்த எண் சுமார் 26.6. இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டால் கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று கணக்கு.

அதோடு, ஒரு இன்ச் டேப்பை எடுத்து இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுகிறது.

இரண்டாவது வேலை: டாக்டரைப் பாருங்க

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீங்க. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். ‘டயட்ல இருக்கேன், மாத்திரை வேண்டாம்’ என்று நீங்களே நிறுத்துவதும் ஆபத்துதான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் எந்த டயட்டையும் தொடங்கக் கூடாது.

திட்டத்திடம் ஐந்து கேள்வி கேளுங்க

1. வாரத்துக்கு எவ்வளவு குறையும் என்கிறது? அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை என்றால் சரி. அதற்கு மேல் வாக்குறுதி தந்தால் உஷார்.

2. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாட்டோடு ஒத்துப்போகுமா? உங்களுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால், சமைப்பவர் பத்தே நாளில் சலித்துவிடுவார்.

3. ஏதாவது ஒரு உணவு வகையை முழுசா ஒதுக்கச் சொல்கிறதா? சோறு, இட்லியை வாழ்நாள் முழுக்க விட முடியுமா என்று யோசியுங்கள்.

4. மாதச் செலவு கட்டுப்படியாகுமா?

5. அடுத்த வருடமும் இதே மாதிரி சாப்பிட முடியுமா? முடியாது என்றால், குறைந்த எடை திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

பவுடர், மாத்திரை விற்பவர்கள் ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் இருக்கு’ என்பார்கள். பாக்கெட்டில் அந்த 14 இலக்க எண் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது உணவுத் தொழில் செய்வதற்கான உரிமம்தான். எடை குறையும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல.

நம்ம வீட்டிலேயே தொடங்கலாம்

ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். அதில் மட்டும் சுமார் 160 கலோரி. ஒரு மாதத்துக்கு 4,800 கலோரி! ஸ்பூன் கணக்கைப் பாதியாக்கினாலே நல்ல தொடக்கம்.

அடுத்தது எண்ணெய். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. தலைக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள். மாத மளிகை வாங்கும்போதே அளந்து வாங்கினால், தினமும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

தட்டில் பாதி இடம் காய்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்குங்கள். உழவர் சந்தையில் இவை புதிதாகக் கிடைக்கும். கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். சோறு குறைந்தாலும் வயிறு நிறையும். மாலையில் பஜ்ஜி, மிக்சருக்குப் பதில் சுண்டல் சாப்பிடலாம்.

நடையும் வேண்டும். தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிவிடும். பேச முடியணும், பாட முடியக் கூடாது; அதுதான் சரியான வேகம். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதை அடையாளம் காணப்பட்டுள்ளது. உங்க ஊர்ல எங்கே இருக்குன்னு விசாரியுங்கள்.

பாதியில் விடாமல் இருக்க

இலக்கைச் சின்னதாக வையுங்கள். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரிய வாய்ப்பு உண்டு. 68 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 3.4 கிலோதான்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்து செல்போனில் குறித்து வையுங்கள். தினம் தினம் பார்த்தால், உடலில் நீர் ஏறி இறங்குவதைக் கண்டு மனசு சோர்ந்துபோகும்.

சில வாரங்கள் முள் அசையவே அசையாது. எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் குறையும், அதனால்தான் இப்படி. அந்த நேரத்தில் பட்டினி கிடக்காமல், நடையைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். இடுப்பளவையும் பாருங்கள், அங்கே மாற்றம் தெரியலாம்.

கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டாச்சா? பரவாயில்லை. ‘இனிமே எதுக்கு டயட்’ என்று கைவிடாமல், அடுத்த வேளையே பழைய தட்டுக்குத் திரும்புங்கள். ஒரு வேளை விருந்தால் திட்டம் கெடாது. அதைச் சாக்காக வைத்து விடும் பத்து நாள்தான் கெடுக்கும்.

வீட்டில் ஒருவரையாவது கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் சர்க்கரையும் குறைந்தால் அது முழுக் குடும்பத்துக்கும் நல்லது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று: இடுப்பை அளங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்யுங்க, டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்க. மூன்றுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் செலவில்லை!