மூடிக் கிடந்த கிணறும் எங்கள் உடலும்

ஊருக்குத் திரும்பும் குடும்பங்களில் பல முதலில் தேடுவது கிணற்றைத்தான். வீடு இடிந்திருக்கலாம், வேலி தெரியாமல் பற்றை மண்டியிருக்கலாம். கிணறு இருந்த இடத்திலேயே இருக்கும். 1990 ஆம் ஆண்டில் கீரிமலையை விட்டு வெளியேறியபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள், இன்று தங்கள் பிள்ளைகளோடு வந்து, அம்மா சொன்ன அடையாளத்தை வைத்துக் கிணற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். எட்டிப் பார்த்ததும் ஒரு வாளி அள்ளிக் குடிக்க மனம் வரும். அந்த முதல் வாளியைக் குடிக்க வேண்டாம். ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கி, அங்குள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் உப்பு நீரைவிடப் பாரம் குறைந்தது. கடலுக்கு அருகிலேயே இருக்கும் கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதும், நிலத்தின் கீழ் வெடிப்புகள் வழியே கடலை நோக்கி வரும் மழைநீர் அங்கே வெளிப்படுவதால்தான். நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கிய கதையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கேணிக்கு நீரைக் கொண்டுவரும் அதே விதமான வெடிப்புகள், மலசலகூடக் குழியின் கழிவையும் கிணற்றுக்குக் கொண்டுவரக்கூடும். மண்ணாக இருந்தால் நீர் மெல்ல வடியும், கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிடும். கல்வெடிப்பில் அந்த வடிகட்டல் இல்லை. கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையே 30 மீற்றர் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் நிலத்தில் அதைக் குறைந்தபட்ச அளவாக மட்டும் கொள்ளுங்கள். புதிய மலசலகூடம் கட்டும்போது உங்கள் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்துக் காணிக்காரரின் கிணற்றையும் அளந்து பாருங்கள்.

அழுக்கு நீர் வயிற்றுக்குள் போனால் என்ன நடக்கிறது? வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் ஏறக்குறைய 9 லீற்றர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது அதில் 2 லீற்றர் அளவுதான். மீதி உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம் என்று உடலே சுரப்பது. அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிவிடும். மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலீற்றருக்கும் குறைவு. கிருமி தொற்றும்போது இந்தக் கணக்குக் குழம்புகிறது. உறிஞ்ச வேண்டிய குடல் உறிஞ்சாது, சில நோய்களில் மேலும் சுரக்கும். அதுவே வயிற்றோட்டம். 10 கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளை 1 லீற்றர் நீரை இழந்தால், உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கை இழந்ததாகும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. பெரியவருக்கு வெறும் களைப்பாக இருப்பது பிள்ளைக்கு ஒரே இரவில் பெரிதாகிவிடுவது இதனால்தான்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1971 இல் பங்களாதேஷ் போரின்போது இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்காளத்தின் பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் போதவில்லை. அங்கே பணியாற்றிய வைத்தியர் திலீப் மகலனோபிஸ், உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு மூன்றையும் அளந்து நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரையே குவளையில் எடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4 இற்கும் கீழே இறங்கியது. பெற்ற பிள்ளைக்கும் கூடப்பிறந்தவருக்கும் மருந்தைப் பருக்கியவர்கள் இடம்பெயர்ந்த மக்களே.

அந்தக் கரைசல் வேலை செய்யும் விதம் எளிமையானது. குடற் சுவரில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் ஒரு கதவு உண்டு. வயிற்றோட்டத்திலும் அந்தக் கதவு பெரும்பாலும் பழுதாவதில்லை. இரண்டும் உள்ளே போகும்போது நீரும் பின்னால் போகும். வெறும் நீரோ, வெறும் சீனித் தண்ணீரோ அப்படிப் போகாது. (விஞ்ஞானத்தைப் பாடசாலையோடு விட்ட எனக்கு, அம்மா ஏன் கஞ்சிக்கு உப்புப் போட்டே தந்தார் என்பது இதைப் படித்தபோதுதான் விளங்கியது.) வீட்டில் எப்போதும் இரண்டு ஜீவனிப் பைக்கற்று வைத்திருங்கள். பைக்கற்றில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரையுங்கள். பாதியைக் கரைத்து மீதியை எடுத்துவைக்க வேண்டாம். ஜீவனி இல்லாத நேரத்தில் 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பு ஒருபோதும் கூடக்கூடாது. ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.

கண் குழிந்தால், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்பினால், பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்து தூங்கினால், மலத்தில் இரத்தம் கண்டால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. எங்களில் எவரும் அதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

நீரைக் குமிழி விட்டுக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் கொதிப்பதால் போகாத ஒன்றும் இங்கே உண்டு: நைத்திரேற்று. தோட்டங்களுக்குப் போடும் யூரியாவில் இருந்தும் மலக்குழிகளில் இருந்தும் அது நிலத்தடி நீருக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் காணப்பட்டுள்ளது. கொதிக்க வைக்க நீர் ஆவியாகி, மீதியில் அதன் செறிவு கூடவே செய்யும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் இது நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்குகிறது. உதடும் நகமும் நீலம் பூக்கும். அந்த வயதில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் இந்தப் பயம் இல்லை. மாப்பால் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கிணற்று நீரைப் பரிசோதித்த பின்பே கரையுங்கள்.

இனி கிணற்றுக்கு வருவோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணிக்குள் கிணறு இருந்தால் அருகே போக வேண்டாம். கிணற்றுக்குள் உலோகப் பொருள் எதுவும் தெரிந்தால் வாளியால் கிளறாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பல ஆண்டு மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்திருக்கும். இறங்கியவர் மயங்கிவிழ, காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார். பழக்கப்பட்டவர்களைக் கொண்டே, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆட்கள் நிற்கச் செய்யுங்கள். எண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடவே கூடாது. அதன் புகை கொல்லும். இறைக்கும்போது ஒரேயடியாக அடிவரை இறைக்க வேண்டாம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மேலே மிதக்கும் நல்ல நீரை வேகமாக எடுத்தால் கீழே உள்ள உப்பு நீர் ஏறிவரும். இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள்.

பிறகு குளோரீன். எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நீங்கள் சொன்னால் அவருடைய வேலை இலகுவாகும். வட்டக் கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்குங்கள். விட்டம் 3 மீற்றர், நீர் 2 மீற்றர் என்றால் ஏறக்குறைய 14 கன மீற்றர், அதாவது 14,000 லீற்றர். ஆழத்தை அளக்க, நுனியில் கல் கட்டிய கயிறு போதும்.

கார்த்திகை, மார்கழி மழையில் கிணற்று நீர் கட்டு வரை ஏறும். மலக்குழியின் நீரும் அப்போது ஏறும். அதனால் மாரி முடிந்ததும் மறுபடி ஒரு முறை குளோரீன் இட வேண்டும். நீர்ப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, கையை உள்ளே விடாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுத்துக் குடியுங்கள்.